வணிக யுனிக்ஸா, லினக்ஸா? நிறுவன சர்வர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெச்பியின் யுனிக்ஸ் இயங்குதளமான ஹெச்பி-யுஎக்ஸுக்கான வழக்கமான ஆதரவு 2025 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மற்ற யுனிக்ஸ்களான சொலாரிஸும் ஏஐஎக்ஸும் ஓடுகிற இடங்களில் "நாமும் லினக்ஸுக்குப் போய்விடலாமா?" என்ற பேச்சு ஒவ்வொரு பட்ஜெட் கூட்டத்திலும் எழுகிறது. சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் முடிவெடுக்கிற மேலாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

வணிக யுனிக்ஸ்களில் இன்று எவை மிச்சம்?

உயிரோட்டத்தோடு இருப்பது ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ். 1986-இல் வந்தது, இப்போதைய 7.3 பதிப்பு 2021 டிசம்பரில் வெளியானது. அது ஓடும் பவர் சர்வர்களில் பவர்11 தலைமுறை 2025 ஜூலையில் வந்தது. புது சில்லு, புது பதிப்பு இரண்டும் தொடர்ந்து வருவது இங்கே மட்டும்தான்.

ஆரக்கிள் சொலாரிஸுக்கு 2018-இல் வந்த 11.4தான் கடைசிப் பெரிய பதிப்பு. பேட்சுகள் வருகின்றன, ஆதரவு 2030-களிலும் உண்டு. ஆனால் ஆரக்கிளின் ஸ்பார்க் சில்லு வரிசை 2017-இன் எம்8-ஓடு நின்றுவிட்டது. ஹெச்பி-யுஎக்ஸின் கதையை முடித்தது அது ஓடிய இன்டெல் சில்லான இட்டானியம். இன்டெல் அதன் கடைசிச் சரக்கை 2021 ஜூலையில் அனுப்பியது. கம்பாக் வழியாக ஹெச்பிக்கு வந்த ட்ரூ64, எஸ்ஜிஐயின் ஐரிக்ஸ் இரண்டும் எப்போதோ போய்விட்டன. எஸ்ஜிஐ கொடுத்த எக்ஸ்எஃப்எஸ் கோப்பமைப்பு மட்டும் லினக்ஸில் வாழ்கிறது. நிறுவனங்களுக்கு லினக்ஸ் தரும் ரெட் ஹேட் தன் 7-ஆம் பதிப்பிலிருந்து அதையே இயல்பாக வைத்திருக்கிறது.

வணிக யுனிக்ஸுக்கும் லினக்ஸுக்கும் அடிப்படை வித்தியாசம் என்ன?

கமாண்டுகளிலோ இயங்குதளத்தின் மையமான கெர்னலிலோ இருக்கும் வித்தியாசம் இரண்டாம் பட்சம். பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பதுதான் முதல் வித்தியாசம்.

ஏஐஎக்ஸ் வாங்கும்போது சில்லு, மெஷின், ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்), மெய்நிகர் பகுப்பு (ஒரு மெஷினைப் பல சர்வர்களாகப் பிரிப்பது), இயங்குதளம், கோப்பமைப்பு, கிளஸ்டர் மென்பொருள் எல்லாமே ஐபிஎம்மிடமிருந்து வருகிறது. இரவு 2 மணிக்கு மெஷின் விழுந்தால் ஒரே எண்ணுக்கு அழைத்தால் போதும். "இது எங்கள் பிரச்சினை இல்லை, டிரைவர் பிரச்சினை" என்று யாரும் கையை உதற முடியாது. ஒரு நினைவக அட்டை பழுதாகத் தொடங்கினால் மெஷினுக்குள் இருக்கும் சர்வீஸ் பிராசஸரே அதைக் கண்டுபிடித்து ஐபிஎம்முக்குத் தகவல் அனுப்பும் வசதியும் உண்டு. நீங்கள் கொடுக்கிற பெரிய விலைக்குள் இதெல்லாம் அடக்கம்.

லினக்ஸில் சர்வர் ஒருவரிடம், மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் ஹைப்பர்வைசர் இன்னொருவரிடம், இயங்குதளம் மூன்றாமவரிடம், ஸ்டோரேஜ் நான்காமவரிடம் வாங்குவீர்கள். எந்த ஃபர்ம்வேரும் எந்த டிரைவரும் எந்தக் கெர்னலும் ஒத்துப்போகும் என்ற பட்டியலைக் கட்டிக்காப்பது உங்கள் அணியின் வேலை. சுதந்திரம் கூடுகிறது, விலை குறைகிறது. ஆனால் முன்பு ஐபிஎம்மோ, சொலாரிஸை உருவாக்கிய சன் நிறுவனமோ செய்துகொண்டிருந்த ஒருங்கிணைப்பு வேலை உங்கள் தோளுக்கு வருகிறது. இதை உணராமல் மாறிய இடங்களில்தான் "லினக்ஸ் சரியில்லை" என்ற புலம்பலைக் கேட்கிறோம்.

யுனிக்ஸ்தான் விழாது, லினக்ஸ் அந்த அளவுக்கு நம்பகமில்லை என்கிறார்களே?

2005 வாக்கில் இந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நம்பகத்தன்மையில் பெரும்பங்கு வன்பொருளுடையது. நினைவகத்தில் ஒரு சில்லு முழுவதும் செத்தாலும் தாங்குவது, பழுதாகும் கோரை (சில்லுக்குள் இருக்கும் கணிப்பு அலகு) ஓட்டத்திலேயே ஒதுக்கிவைப்பது போன்றவை பெரிய யுனிக்ஸ் மெஷின்களின் சொத்தாக இருந்தன. 2010-இல் வந்த இன்டெல் ஜியான் 7500 வரிசை, இட்டானியத்தில் இருந்த பிழைமீட்பு வசதியைச் சாதாரண சர்வர்களின் எக்ஸ்86 சில்லுகள் பக்கம் கொண்டுவந்தது. அதன்பின் இடைவெளி வேகமாகக் குறைந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அனைத்திலும் லினக்ஸ்தான். அந்த அளவு சுமையை கெர்னல் தாங்குகிறது. விழுவது பெரும்பாலும் அதைச் சுற்றிக் கட்டியிருக்கும் பரிசோதிக்கப்படாத கூட்டு.

ஆனால் ஒரே பெட்டியில் நூற்றுக்கணக்கான கோர்களையும் பல டெராபைட் நினைவகத்தையும் வைத்து, அதை வருடக்கணக்கில் நிறுத்தாமல் ஓட்டுவதில் பவர் இன்னமும் ஒரு படி மேலே என்றே நினைக்கிறேன். உங்கள் வேலையை நாலைந்து சின்ன சர்வர்களாகப் பிரிக்க முடியுமென்றால் அந்த ஒரு படிக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

லினக்ஸ் இலவசம்தானே? அப்படியானால் செலவு தானாகக் குறையுமே?

மென்பொருள் இலவசம், ஆதரவு இலவசமில்லை. ரெட் ஹேட் போன்றவற்றுக்கு ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். அப்படியும் மொத்தத்தில் கணிசமாகக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் பெரிய தொகை இயங்குதளத்தில் இல்லை, அதன் மேல் ஓடும் டேட்டாபேஸ் உரிமத்தில் இருக்கிறது.

ஆரக்கிள் டேட்டாபேஸை எடுத்துக்கொள்ளுங்கள். கோர் எண்ணிக்கையை ஒரு குணகத்தால் பெருக்கி உரிமம் கணக்கிடுவார்கள். பவருக்கு அந்தக் குணகம் 1.0, இன்டெல் எக்ஸ்86-க்கு 0.5. அதாவது 16 பவர் கோருக்கு 16 உரிமம், 16 இன்டெல் கோருக்கு 8. இதைப் பார்த்ததும் பாதி மிச்சம் என்று தோன்றும். ஒரு பவர் கோர் ஒரே நேரத்தில் எட்டு இழைகள் (தனித்தனி வேலைத் தொடர்கள்) வரை ஓட்டும்; அதன் வேலையை எத்தனை இன்டெல் கோர்கள் செய்யும் என்பதை உங்கள் சொந்தச் சுமையை வைத்து அளந்த பிறகே கணக்கு முடியும்.

அடுத்தது பலர் சிக்கும் இடம். ஏஐஎக்ஸில் கோர் வரம்பிட்ட எல்பார் (பவர் மெஷினின் மெய்நிகர் பகுதி) பகுப்பையும், சொலாரிஸில் அதே போன்ற தனிப்பகுதியான வரம்பிட்ட ஸோனையும் ஆரக்கிள் "கடின பகுப்பு" என்று ஏற்கிறது. 64 கோர் மெஷினில் 8 கோரை மட்டும் ஒதுக்கினால் 8 கோருக்குக் கட்டினால் போதும். எக்ஸ்86 பக்கம் பரவலான ஹைப்பர்வைசரான விஎம்வேரை அது அப்படி ஏற்பதில்லை. அங்கே இரண்டு கோர் கொடுத்த ஒரு மெய்நிகர் சர்வருக்காக, அந்தக் கிளஸ்டரில் இருக்கும் எல்லா மெஷின்களின் எல்லா கோர்களுக்கும் உரிமம் கேட்டு நிற்பார்கள். மிச்சம் பிடிக்கப் போய், ஏஐஎக்ஸில் கட்டியதைவிடப் பல மடங்கு கட்ட நேரிடலாம். ஆரக்கிளுக்கென்று தனி மெஷின்களை ஒதுக்குவதோ, ஆரக்கிள் லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம்மில் கோர்களைக் கட்டிப்போட்டு ஓட்டுவதோ இதற்கு வழி. ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்தவரை முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள்.

எந்த லினக்ஸைத் தேர்ந்தெடுப்பது?

உங்கள் அப்ளிகேஷனை விற்றவர் எதற்குச் சான்று தருகிறாரோ அதை. நடைமுறையில் அது ரெட் ஹேட், சூசே, ஆரக்கிள் லினக்ஸ், சில இடங்களில் உபுண்டு என்று நான்குக்குள் அடங்கிவிடும்.

ரெட் ஹேட்டின் இலவச மறுபதிப்பான சென்ட்ஓஎஸ்ஸை நம்பியிருந்தவர்களுக்கு 2020 டிசம்பர் பெரிய அடி. 2029 வரை வரும் என்று எண்ணியிருந்த சென்ட்ஓஎஸ் 8, 2021 டிசம்பரோடு நின்றது. அந்த வெற்றிடத்தில் ராக்கியும் அல்மாவும் பிறந்தன. 2023 ஜூனில் ரெட் ஹேட் தன் மூலநிரல் வெளியீட்டைச் சுருக்கியபோது அவற்றுக்கும் ஒரு நெருக்கடி வந்தது. இரண்டும் நல்ல முயற்சிகள். சோதனைச் சர்வர்களுக்கும் வெப் சர்வர்களுக்கும் தயங்காமல் போடலாம். வாடிக்கையாளரின் பணம் புரளும் சர்வரில் சந்தா உள்ள பதிப்பையே போடச் சொல்வேன்.

எங்களிடம் எஸ்ஏபி ஓடுகிறது. யோசிக்க என்ன இருக்கிறது?

அதிகமில்லை. எஸ்ஏபி என்ற நிறுவன நிர்வாக மென்பொருளின் புதிய தலைமுறையான எஸ்/4ஹானாவுக்கு ஹானா டேட்டாபேஸ் கட்டாயம். ஹானா ஓடுவது சூசே, ரெட் ஹேட் லினக்ஸ்களில் மட்டும். எஸ்ஏபியின் பழைய தலைமுறையான ஈசிசிக்கான முதன்மைப் பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது. பவர் மெஷின்களை விட மனமில்லை என்றால் அதே பவர் மேல் லினக்ஸ் போட்டு ஹானாவை ஓட்டலாம். ஏஐஎக்ஸ் எல்பார்களும் லினக்ஸ் எல்பார்களும் ஒரே பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

எங்கள் சி புரோகிராம்களை லினக்ஸில் மறுபடி கம்பைல் செய்தால் போதாதா?

கம்பைல் ஆகும், அதாவது மூலநிரல் இயங்கும் நிரலாக மாறிவிடும். ஆபத்து அதற்குப் பிறகுதான்.

முதலாவது பைட் வரிசை. ஏஐஎக்ஸ், ஹெச்பி-யுஎக்ஸ், ஸ்பார்க் சொலாரிஸ் மூன்றும் பிக்-எண்டியன்: நான்கு பைட் எண்ணில் மதிப்பு மிகுந்த பைட் முதலில் நிற்கும். எக்ஸ்86 லிட்டில்-எண்டியன், அங்கே வரிசை தலைகீழ். பழைய மெஷினில் நேரடியாகக் கோப்பில் எழுதிய 1 என்ற எண்ணை லினக்ஸில் அப்படியே படித்தால் 1,67,77,216 என்று வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. டேட்டாபேஸுக்கு வெளியே பைனரியாக எழுதிய ஒவ்வொரு கோப்பையும், நெட்வொர்க்கில் அனுப்பும் ஒவ்வொரு செய்தி அமைப்பையும் தேடிப் பட்டியலிட வேண்டும். ரெட் ஹேட்டும் சூசேயும் இன்று பவரில் தருவதும் லிட்டில்-எண்டியன் லினக்ஸ்தான், ஆகையால் அங்கே போனாலும் தப்ப முடியாது.

இரண்டாவது "கேர்" வகை. ஐபிஎம்மின் எக்ஸ்எல் கம்பைலரில் அது குறியில்லாதது, 0 முதல் 255 வரை. எக்ஸ்86 லினக்ஸின் கம்பைலரான ஜிசிசியில் குறியுள்ளது, −128 முதல் 127 வரை. மெயின்ஃபிரேமோடு கோப்புப் பரிமாறும் வங்கிகளில் இது நேராகக் கடிக்கும். மெயின்ஃபிரேம்களின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கில் '0' என்ற எழுத்தின் மதிப்பு 240. ஏஐஎக்ஸில் 240 என்று சரியாகப் படித்த நிரல் லினக்ஸில் −16 என்று படிக்கும். அதை ஒரு அட்டவணையின் சுட்டெண்ணாகப் பயன்படுத்தியிருந்தால் நினைவகத்தில் எங்கேயோ போய்த் தொடும். ஜிசிசியில் இதை மாற்ற ஒரு தேர்வு இருக்கிறது. அவசரத்துக்கு அதைப் போட்டுவிட்டு, நிரலை நிதானமாகத் திருத்துங்கள்.

மூன்றாவது, பூஜ்ய முகவரி. ஏஐஎக்ஸில் வெற்றுச் சுட்டியின் (எந்த இடத்தையும் காட்டாத முகவரி) வழியாகப் படித்தால் பேசாமல் பூஜ்யம் கிடைக்கும். லினக்ஸில் அந்த நொடியே புரோகிராம் செத்துவிடும். இருபது வருடமாக "ஒரு பிரச்சினையும் இல்லாமல்" ஓடிய நிரல் லினக்ஸில் முதல் நாளே விழுவதற்கு இதுவே அடிக்கடி காரணம். அந்தப் பிழை எப்போதும் அங்கேதான் இருந்தது, லினக்ஸ் அதை வெளியே காட்டுகிறது. இதற்காக லினக்ஸுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கும் சேர்ந்து மாறுகிறீர்கள் என்றால் "லாங்" வகை 4 பைட்டிலிருந்து 8 ஆகும். அதையே கோப்பில் எழுதும் பழக்கம் இருந்தால் பதிவின் நீளமே மாறிவிடும். ஆனாலும் அந்த மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். 32 பிட் நேரக் கணக்கு 2038 ஜனவரி 19-இல் முடிகிறது. இருபது வருட வீட்டுக்கடன் அட்டவணை போடும் நிரல் இன்றைக்கே அந்தத் தேதியைத் தாண்டிக்கொண்டிருக்கிறது.

ஷெல் ஸ்கிரிப்ட் எல்லாம் அப்படியே ஓடுமா?

பெரும்பாலானவை ஓடும். ஓடாதவை கூச்சலிட்டால் நல்லது. சில சத்தமில்லாமல் தவறாக ஓடும்.

யுனிக்ஸ் பக்கம் எழுதியவை பெரும்பாலும், கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்களில் ஒன்றான கார்ன் ஷெல்லுக்கானவை. அதில் பைப்பின் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் தொடர்) கடைசிக் கட்டளை நடப்பு ஷெல்லிலேயே ஓடும், அதனால் பைப் வழியாக ஒரு மாறியில் மதிப்பை வாங்கலாம். லினக்ஸின் வழக்கமான ஷெல்லான பாஷில் அந்தக் கடைசிக் கட்டளை தனி ஷெல்லில் ஓடி முடிந்துவிடும், மாறி காலியாகவே இருக்கும். அந்த மாறியில் ஒரு அடைவின் பெயர் இருந்து, அடுத்த வரி "இதற்குள் இருப்பதையெல்லாம் அழி" என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ரெட் ஹேட்டில் கார்ன் ஷெல்லை நிறுவி, ஸ்கிரிப்டின் முதல் வரியில் அதையே குறிப்பிட்டுவிடுவது பாதுகாப்பான வழி.

வரிசைப்படுத்தலிலும் ஒரு கண் வேண்டும். யூடிஎஃப்-8 ஆங்கில மொழியமைப்பில் லினக்ஸ் வரிசைப்படுத்தும் முறையும், பழைய மெஷினின் சி மொழியமைப்பு (பைட் மதிப்புப்படி அடுக்குவது) வரிசையும் வேறு. இரண்டு கோப்புகளை ஒப்பிட்டுக் கணக்கு நேர்செய்யும் இரவு வேலைகள் இதனால் பொருந்தாமல் போகும். அந்த வேலைகளுக்கு மட்டும் சி மொழியமைப்பை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.

டேட்டாபேஸை நகர்த்த எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டியிருக்கும்?

பைட் வரிசை மாறுவதால், பேக்கப் எடுத்து அந்தப் பக்கம் அப்படியே மீட்டெடுக்க முடியாது. ஆரக்கிளில் மூன்று வழிகள் உண்டு. சின்ன டேட்டாபேஸ் என்றால் ஏற்றுமதி-இறக்குமதிக் கருவியான டேட்டா பம்ப்பில் எடுத்துப் போடலாம். பல டெராபைட் என்றால் டேபிள்ஸ்பேஸ்களை (தரவு அடங்கிய கோப்புத் தொகுதிகள்) பைட் வரிசை மாற்றி நகர்த்தி, மாறியதை மட்டும் எடுக்கும் இன்கிரிமென்டல் பேக்கப்புகளால் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசிச் சிறுபகுதிக்கு மட்டும் நிறுத்தலாம். நிறுத்தவே முடியாது என்றால் கோல்டன்கேட் போல மாற்றங்களைத் தொடர்ந்து அந்தப் பக்கம் அனுப்பும் கருவி வேண்டும், அதற்குத் தனி உரிமம். இரண்டாவது வழியையே முதலில் பரிசீலிக்கச் சொல்வேன். முழு ஒத்திகை இரண்டு முறையாவது பாருங்கள். நிறுத்தக் கால அளவை ஒத்திகையின் கடிகாரத்தைப் பார்த்து நிர்ணயியுங்கள்.

லினக்ஸில் டேட்டாபேஸ் பிராசஸ் திடீரென்று கொல்லப்படுகிறதே, ஏன்?

லினக்ஸ் இருப்பதைவிட அதிக நினைவகத்தைத் தருவதாக ஒப்புக்கொள்ளும். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை அது. நம்பிக்கை பொய்த்தால் ஒரு பிராசஸைத் தேர்ந்தெடுத்துக் கொல்லும். பெரியது டேட்டாபேஸ் என்பதால் அதன் தலை உருள வாய்ப்பு அதிகம். சொலாரிஸ் அப்படி ஒப்புக்கொள்வதில்லை. இடமில்லை என்றால் கேட்கும்போதே மறுத்துவிடும். அந்த ஒழுக்கத்துக்குப் பழகியவர்களுக்கு லினக்ஸ் அதிர்ச்சியாக இருக்கும். கெர்னல் அமைப்பில் இந்தத் தாராளத்தைக் கட்டுப்படுத்தலாம்.

அதைவிட அவசியமானது ஹியூஜ் பேஜ், அதாவது நினைவகத்தைப் பெரிய பக்கங்களாகப் பிரிப்பது. 100 ஜிபி பகிர்வு நினைவகத்தை 4 கேபி பக்கங்களாக வைத்தால், அதை முழுதும் தொடும் ஒவ்வொரு பிராசஸுக்கும் எந்தப் பக்கம் எங்கே என்று குறிக்கும் பக்க அட்டவணைக்கு மட்டும் சுமார் 200 எம்பி வேண்டும். ஆயிரம் இணைப்புகள் வந்தால் 200 ஜிபி. பவரில் பக்க அட்டவணையின் அமைப்பே வேறு, அதனால் அங்கே இந்தச் சுமை கண்ணில் படாது. லினக்ஸில் 2 எம்பி பக்கங்களுக்கு மாற்றியதும் இந்தச் செலவு ஏறக்குறைய காணாமல் போகும்.

யுனிக்ஸில் இருந்தவற்றில் எதை இழப்போம்?

ஏஐஎக்ஸ்காரர்கள் முதலில் தேடுவது எம்கே-சிஸ்-பி. ஒரே கட்டளையில் இயங்குதளம் முழுவதையும் பூட் ஆகும் பிம்பமாக எடுத்துவைக்கும். பேட்ச் போடுமுன் இன்னொரு டிஸ்கில் முழு நகல் எடுத்து, அதில் போட்டுப் பார்த்து, சரியில்லை என்றால் பழையதிலேயே பூட் செய்வதும் அங்கே அன்றாடம். லினக்ஸில் ரிலாக்ஸ்-அண்ட்-ரெகவர், சூசேயின் ஸ்னாப்பர் போன்றவை உண்டு. நீங்கள்தான் தேர்ந்தெடுத்து, அமைத்து, மீட்டுப் பார்த்து வைக்க வேண்டும்.

சொலாரிஸ்காரர்களின் இழப்பு இன்னும் பெரிது. 2005-இல் வந்த சொலாரிஸ் 10 ஸோன்ஸ், ஓடும் நிரலை உள்ளே பார்க்க உதவும் டிட்ரேஸ் இரண்டையும் கொண்டுவந்தது. ஸெட்எஃப்எஸ் கோப்பமைப்பு அதன் 2006 புதுப்பிப்பில் சேர்ந்தது. என் பார்வையில் சர்வர் இயங்குதளங்களின் வரலாற்றில் அந்த ஒரு பதிப்புக்கு இணை இல்லை. லினக்ஸில் ஸோன்ஸின் இடத்தைக் கண்டெய்னர்களும், டிட்ரேஸின் இடத்தை ஈபிபிஎஃப் கருவிகளும் நன்றாகவே நிரப்பியிருக்கின்றன. உரிமச் சிக்கலால் ஸெட்எஃப்எஸ் மட்டும் கெர்னலுக்குள் நுழைய முடியவில்லை. உபுண்டு சேர்த்துத் தருகிறது, ரெட் ஹேட் தருவதில்லை.

பாதுகாப்பில் எது மேல்?

ஏஐஎக்ஸைத் தாக்குகிறவர்கள் குறைவு என்பது பாதுகாப்பு ஆகாது. 2025 மார்ச்சில் ஏஐஎக்ஸின் நெட்வொர்க் நிறுவல் சேவையில், தொலைவிலிருந்தே கட்டளைகளை ஓட்டவிடும் மிகக் கடுமையான ஓட்டை ஒன்றுக்கு ஐபிஎம் பேட்ச் வெளியிட்டது. லினக்ஸ் பக்கம் 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்ஸெட் நூலகத்தில் திட்டமிட்டு நுழைத்த பின்கதவை, ஒரு சிறு தாமதத்தைச் சந்தேகித்து மென்பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் கண்டுபிடித்தார். ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் போன்ற நிலையான பதிப்புகளை அது எட்டவில்லை. லினக்ஸில் பேட்சுகள் அடிக்கடி வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்ச் போடும் யுனிக்ஸ் பழக்கத்தோடு வந்தால் தாங்காது.

ஏஐஎக்ஸிலேயே இருந்துவிட்டால் தப்பா?

இல்லை. உங்கள் அப்ளிகேஷனை விற்றவர் ஏஐஎக்ஸை ஆதரிக்கிறார், அணியில் அதை அறிந்தவர்கள் இருக்கிறார்கள், அடுத்த ஐந்து வருடத்தில் அந்த அப்ளிகேஷனே மாறப்போகிறது என்றால் இருங்கள். ஒரு முறை லினக்ஸுக்கு, மறு முறை புது அப்ளிகேஷனுக்கு என்று இரட்டைச் செலவு வேண்டாம். புது மென்பொருள்கள் ஏஐஎக்ஸுக்கு வருவது குறைந்துகொண்டே போகிறது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். ஹெச்பி-யுஎக்ஸில் இருப்பவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அவர்கள் இன்றே கிளம்ப வேண்டும்.

நான் பத்து வருடமாக ஏஐஎக்ஸ் அட்மின். என் வேலை என்னாகும்?

சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டு வங்கிகளின் யுனிக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பலர் இதைக் கவலையோடு கேட்கிறார்கள். இன்னும் சில வருடங்களுக்கு உங்களுக்கு அதிகத் தேவை இருப்பது இந்த மாற்றப் பணிகளில்தான். பழைய பக்கம் என்ன ஓடுகிறது, ஏன் அப்படி அமைத்தார்கள் என்று தெரிந்தவர் இல்லாமல் எந்த மாற்றமும் ஒழுங்காக முடியாது. ரெட் ஹேட் சான்றிதழ் ஒன்று பெறுங்கள், சர்வர் வேலைகளைத் தானியங்கியாக்கும் ஆன்சிபிளைக் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்டோரேஜ், கிளஸ்டர், செயல்திறன் பற்றிய உங்கள் அறிவு அப்படியே கூட வரும்.

பழைய மெஷினை எப்போது அணைக்கலாம்?

மாதக் கடைசி, காலாண்டுக் கடைசி, நிதியாண்டுக் கடைசி மூன்றும் புதிய பக்கத்தில் ஒருமுறையாவது முடிந்த பிறகு. மார்ச் 31 வேலைகளில் வருடத்துக்கு ஒருமுறை மட்டும் ஓடும் புரோகிராம்கள் இருக்கும். அவற்றை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். அதுவரை பழையதைப் படிக்க மட்டும் திறந்து வையுங்கள். அணைக்குமுன் கிரான் பட்டியல் (நேரம் குறித்து ஓடும் வேலைகள்), பயனர் பட்டியல், நெட்வொர்க் அமைப்புகளை உரைக்கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பழைய பேக்கப் டேப்புகளைப் படித்து, தரவைப் புதிய பக்கம் புரியும் வடிவத்தில் மாற்றிய பிறகே மின்சாரத்தைத் துண்டியுங்கள். அந்த மெஷின் போய்விட்டால் அந்த டேப்பைப் படிக்க இன்னொன்றைத் தேடுவது வருடத்துக்கு வருடம் கடினமாகும்.